லாரி இல்லாமல் பழைய எஞ்சின் ஏற்றி வருதல்: புதுப்பேட்டை முதல் ஊர் மெக்கானிக் பட்டறை வரை

காரின் எஞ்சின் கைவிட்ட பிறகு, அதைப் பிரித்து முழு வேலை பார்ப்பதைவிட, ஓடிய வண்டியிலிருந்து கழற்றிய நல்ல எஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்துவதே கட்டுபடியாகும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டால், தமிழ்நாட்டில் பெரும்பாலோர் தேடிப் போகும் இடம் சென்னை எழும்பூரை அடுத்த புதுப்பேட்டைதான். எஞ்சின் கிடைத்து, விலையும் படிந்த பிறகுதான் அதை ஊருக்கு எப்படிக் கொண்டுபோவது என்ற கேள்வி எழுகிறது. ஒரே ஓர் எஞ்சினுக்காக விழுப்புரத்துக்கோ திருச்சிக்கோ தனி வண்டி பிடித்தால், பேரம் பேசி மிச்சப்படுத்திய தொகை வாடகையிலேயே போய்விடும். நண்பரின் வேகன்-ஆரோ உறவினரின் ஈகோ வேனோ கையில் இருந்தால் அதிலேயே ஏற்றி வர முடியும். ஆனால் சாலையில் வண்டி ஓடும் நேரத்தைவிட, இரண்டு முனைகளிலும் எஞ்சினைத் தூக்கும் சில நிமிடங்களும், அதைக் கட்டுவதற்குச் செலவிடும் அரை மணி நேரமும்தான் இந்த வேலையின் வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றன என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.

மாருதி ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசையர், டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ ஆகிய பல கார்களில் வந்த 1,248 சி.சி. டீசல் எஞ்சினை எடுத்துக்காட்டாக வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஃபியட் வடிவமைத்த இந்த எஞ்சின் 2020-இல் பி.எஸ். 6 என்னும் புகைமாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்ததோடு இந்தியாவில் நின்றுபோனது; ஆனாலும் அது பொருத்தப்பட்ட கார்கள் இன்னமும் ஏராளமாக ஓடிக்கொண்டிருப்பதால், பழைய எஞ்சின் சந்தையில் இதற்குத் தேவை குறையவில்லை. மற்றச் சிறிய கார் எஞ்சின்களுக்கும் இதே முறைதான் பொருந்தும். எடை மட்டும் மாறும்.

முதலில் எடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேற்சொன்ன டீசல் எஞ்சின், ஆல்டர்னேட்டர் முதலிய துணைக் கருவிகளுடன் சேர்த்து ஏறக்குறைய 130 கிலோ இருக்கும். பழைய மாருதி 800, ஆம்னி ஆகியவற்றின் மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இதைவிட மிகவும் இலகுவானது. கம்பு கட்டி இரண்டு பேர் தூக்கிவிடுவார்கள். ஸ்கார்பியோ, இன்னோவா போன்றவற்றின் டீசல் எஞ்சின்கள் 200 கிலோவை எட்டும், சில தாண்டவும் செய்யும். அவற்றைச் சொந்தக் காரில் ஏற்றும் யோசனையையே விட்டுவிடுவது நல்லது. கியர்பாக்ஸும் சேர்த்து வாங்கியிருந்தால் அதைக் கழற்றித் தனிச் சுமையாகக் கொண்டுவர வேண்டும். சிறிய காரின் கியர்பாக்ஸ்கூடக் கனமான சுமைதான்.

கடைக்காரர் சொல்லும் எடையை நம்ப வேண்டியதில்லை. புதுப்பேட்டையைச் சுற்றிலும் காயலான் கடைகள் இருக்கின்றன, பலவற்றில் மின்னணுத் தராசு மேடை இருக்கும். ஒரு சிறு தொகை கொடுத்து எஞ்சினை அதில் ஏற்றிப் பார்த்துவிடலாம்.

ஐந்து பேர் அமரும் காருக்கு 130 கிலோ என்பது பெரிய பாரம் இல்லை. பின்னிருக்கையில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஆகும் எடைதான் அது. ஆகவே வண்டி தாங்குமா என்று கவலைப்படுவதில் பொருளில்லை. ஆனால் ஆட்கள் பரவலாக உட்காருகிறார்கள், சீட் பெல்ட் போட்டுக்கொள்கிறார்கள், வளைவில் தாங்களே பிடித்துக்கொள்கிறார்கள். எஞ்சினோ அரை மீட்டர் இடத்துக்குள் அத்தனை எடையையும் குவித்து வைத்திருக்கும் கூர்முனைகள் நிறைந்த இரும்பு. அது அசையாமல் இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி.

எந்த வண்டி

ஆம்னி, ஈகோ போன்ற வேன்கள் இதற்கென்றே செய்தவை போல அமைந்தவை: தரை சமமானது, பின்கதவு உயரமானது, இருக்கையைக் கழற்றுவதும் எளிது. எர்டிகா, இன்னோவா ஆகியவற்றில் பின்வரிசைகளை மடக்கிவிட்டால் போதும். ஹேட்ச்பேக் கார்களில் வேகன்-ஆர் போன்ற உயரமான உடலமைப்பு கொண்டவை ஏற்றவை; ஆல்டோவின் பின்கதவுத் திறப்பு தாழ்வானது என்பதால் எஞ்சினை உள்ளே நுழைக்கும்போது அதைத் தூக்கும் கிரேனின் கை மேல்விளிம்பில் முட்டும். டிக்கி வைத்த செடான் கார்களைத் தவிர்க்க வேண்டும். டிக்கியின் விளிம்பு உயரம், வாய் குறுகல், எடை முழுவதும் பின்சக்கரத்துக்குப் பின்னால் போய் விழும். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.-இல் எஞ்சினைக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் புதுப்பேட்டைச் சந்துகளில் பார்க்கலாம். அவர்கள் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள், நீங்கள் அடுத்த மாவட்டத்துக்குப் போகிறீர்கள்.

வண்டி தேறாவிட்டால், அல்லது ஊரில் இறக்குவதற்கு வசதி இல்லாவிட்டால், மரக்கூண்டு அடித்துப் பார்சல் சர்வீசில் போடுவதே அறிவுடைமை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணம் கொடுப்பதற்கு முன்

எஞ்சின் எண், எஞ்சினின் முதன்மை இரும்பு உடலான பிளாக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளத்தில் வெள்ளை படிந்து எழுத்துகள் தெளிவாகத் தெரியும். அப்போது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள் கோணலாக இருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் கிரைண்டர் ஓடிய பளபளப்பு இருந்தாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்கக் கூடாது. திருட்டு வண்டியின் எஞ்சின் என்றால் நெடுஞ்சாலைச் சோதனையில் அகப்படுவது நீங்கள்தானே தவிரக் கடைக்காரர் அல்லர்.

பில்லில் எஞ்சின் எண், கடையின் பெயர், முகவரி, ஜி.எஸ்.டி. எண் ஆகியவை இருக்க வேண்டும். எஞ்சின் எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டதோ அதன் ஆர்.சி. நகலையும், அந்த வண்டி கழிவுக்குப் போனதற்கான சான்றையும் கேட்டு வாங்க வேண்டும். பின்னால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் இவை தேவைப்படும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய் மதிப்பு வரையிலான சரக்குக்கு இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்வதற்கான மின்னணு ஆவணம்) தேவையில்லை; பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதானால் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புக்கு அது வேண்டும், அதைக் கடைக்காரரிடமே போட்டு வாங்கிக்கொள்ளலாம். மொத்தத்தில், வழியில் யார் நிறுத்திக் கேட்டாலும் உடனே எடுத்துக் காட்டும்படி காகிதங்கள் ஒரு கோப்பில் கையருகே இருக்கட்டும்.

எண்ணெய் வடித்தல், வாய்களை அடைத்தல்

கடைக்காரர் ஆயிலை வடித்துவிட்டதாகச் சொன்னாலும், உங்கள் கண்முன் ஒருமுறை சம்ப்பின் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) டிரெயின் போல்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள். அரை லிட்டராவது வரும். வடிந்து முடிந்ததும் போல்ட்டை வாஷரோடு திரும்பப் போட்டு இறுக்க வேண்டும். ஆயில் ஃபில்டரைக் கழற்ற வேண்டாம், அதைக் கழற்றினால் இன்னொரு வாய் திறந்துவிடும். பிளாக்கில் தங்கிய கூலன்ட் தண்ணீரையும், தண்ணீர் பம்ப்பின் குழாயை ஒரு பக்கம் சாய்த்து வெளியேற்றிவிடலாம். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கடையின் கழிவு ஆயில் பீப்பாயில் சேர்த்துவிட வேண்டும்.

அடுத்தது வாய்களை மூடுவது. இதில் பலரும் கந்தல் துணியை உருட்டித் திணிப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது ஆபத்தானது, சின்னத் துணி உள்ளே வழுக்கிப் போய்விட்டால், எஞ்சின் மாட்டி ஸ்டார்ட் செய்யும் நாளில்தான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். இன்டேக் (காற்று நுழையும் வாய்), எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் வாய்), டர்போவின் இரண்டு வாய்கள் ஆகியவற்றைத் தடித்த பாலிதீன் தாளால் மேலிருந்து மூடி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, அதன்மேல் டேப் சுற்ற வேண்டும். துணி வைத்தே ஆக வேண்டிய இடத்தில் உள்ளங்கையைவிடப் பெரிய, சிவப்பு அல்லது மஞ்சள் நிறத் துணியை, ஒரு முனை வெளியே தொங்கும்படி வைக்கலாம். டீசல் எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் குழாய் முனைகள் இன்னும் கவனத்துக்கு உரியவை, ஏனென்றால் காமன் ரெயில் என்னும் உயர் அழுத்த எரிபொருள் அமைப்பில் மணல் துகள் ஒன்று நுழைந்தாலும் இன்ஜெக்டர் கெடும். இன்ஜெக்டர்களைக் கழற்றியே விற்றிருந்தால் அவை இருந்த துளைகளை அடைக்காமல் வண்டியில் ஏற்றவே கூடாது.

நீட்டிக்கொண்டிருக்கும் பாகங்களைக் கழற்றித் தனி அட்டைப்பெட்டியில் போடுவதால் எடையும் குறைகிறது, உடைவதும் குறைகிறது. ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரஸர், ஸ்டார்ட்டர் மோட்டார், பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டு, ஆயில் பிரஷர் ஸ்விட்ச், கிராங்க் சென்சர் ஆகியவை இந்த வரிசையில் வரும். கழற்றிய போல்ட்டுகளை அந்தந்தப் பாகத்தோடு சேர்த்து ஒரு பாலிதீன் பையில் கட்டிப் பெயர் எழுதிவிட்டால் ஊர் மெக்கானிக் உங்களை வாழ்த்துவார்.

காரைத் தயார்படுத்துதல்

இந்த வேலையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு சென்னைக்குப் புறப்பட வேண்டும். ஹேட்ச்பேக்கின் டிக்கித் தரை பெரும்பாலும் அழுத்திய நார்ப்பலகைதான். அதன்கீழே ஸ்டெப்னி டயருக்கான பள்ளம் இருக்கும். 130 கிலோவை நேரடியாக அதன்மேல் வைத்தால் பலகை முறிந்து எஞ்சின் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். அதனால் பின்னிருக்கையின் மெத்தை, சாய்மானம் இரண்டையும் கழற்றி எடுத்துவிட்டு, 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை டிக்கி விளிம்பிலிருந்து முன்னிருக்கைகளின் பின்புறம் வரை ஒரே துண்டாகப் பரப்ப வேண்டும். தரை மேடும் பள்ளமுமாக இருக்கும் இடங்களில் பிளைவுட்டுக்கு அடியில் மரக்கட்டைகள் வைத்துச் சமப்படுத்திக்கொள்ளலாம். ஸ்டெப்னி அதன் பள்ளத்திலேயே இருக்கட்டும், ஆனால் எஞ்சினை ஏற்றிய பிறகு அதை எடுக்க முடியாது என்பதால் நான்கு டயர்களின் நிலையையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் வில்லையில் முழுப் பாரத்துக்கென்று தனிக் காற்றழுத்தம் குறித்திருப்பார்கள். பின்டயர்களுக்கு அந்த அளவில் காற்று அடித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: கழித்துப்போட்ட கார் டயர் இரண்டு, முக்கால் அங்குல ஜி.ஐ. குழாய்த் துண்டுகள் நான்கைந்து, மூன்று அங்குலக் கனமுள்ள மரச்சட்டங்கள் சில, லேபிளில் தாங்குதிறன் குறிப்பிட்ட ராட்செட் பெல்ட் (நெம்பி இறுக்கும் பட்டை) நான்கு அல்லது ஐந்து, தடித்த பாலிதீன் விரிப்பு, தோல் கையுறை, ஸ்பேனர் செட். பெல்ட்டுக்குப் பதில் நைலான் கயிறு போதும் என்று சிலர் சொல்வார்கள். நைலான் இழுபடும் தன்மையுள்ளது, ஒரு மணி நேர ஓட்டத்தில் முடிச்சு இறுக்கமாகவே இருக்க, கயிறு மட்டும் தளர்ந்துவிடும்.

ஏற்றுதல்

புதுப்பேட்டைச் சந்துகளுக்குள் கார் நுழைந்தாலும் திரும்ப இடம் கிடைப்பது அரிது. எனவே எஞ்சினைக் கடையிலிருந்து பெரிய சாலை வரை மீன்பாடி வண்டியில் (சரக்கேற்றும் மூன்று சக்கர வண்டி) கொண்டுவருவதே அங்கே வழக்கம். சுமைத் தொழிலாளர்களின் கூலியை எஞ்சின் தரையை விட்டு எழும்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். கடைவாசலில் ஏற்றுவது, சாலையில் இறக்குவது, காருக்குள் வைப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததா என்பதையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் கடை திறக்கும் நேரத்தில் போனால் சாலையில் இடமும் கிடைக்கும், ஆட்களும் நிதானமாக இருப்பார்கள்.

எஞ்சினைத் தூக்குவதற்கென்றே உற்பத்தியாளர் அதன் தலைப்பகுதியில் எதிரெதிர் மூலைகளில் இரண்டு இரும்பு வளையங்களை வைத்திருப்பார். சங்கிலியோ பெல்ட்டோ அவற்றில்தான் மாட்டப்பட வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டிலோ, இன்ஜெக்டர் குழாயிலோ, டர்போவிலோ கயிறு போட யார் முயன்றாலும் தயங்காமல் தடுத்துவிடுங்கள். வளையம் கழன்றுபோயிருந்தால், எஞ்சினைக் காரோடு பிணைக்கும் மவுன்ட் பொருந்தும் இடத்தில் அதே அளவு போல்ட்டை முழு ஆழம் வரை முறுக்கி, அதில் இரும்புப் பட்டை வைத்துச் சங்கிலி மாட்டலாம்.

அருகில் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கருவி) தொங்கும் பட்டறை இருந்தால் அதுதான் முதல் தேர்வு. எஞ்சினை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, காரைப் பின்னோக்கி ஓட்டி அதன் அடியில் கொண்டுவந்து, மெல்ல இறக்குவதுதான் முறை. தொங்கும் எஞ்சினைத் தள்ளிக்கொண்டு காரை நோக்கிப் போகக் கூடாது. கார்தான் எஞ்சினிடம் வர வேண்டும். கார் வரும்போது தொங்கும் எஞ்சினுக்கும் காருக்கும் இடையில் ஒருவரும் நிற்கக் கூடாது, எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ போகக் கூடாது. சக்கரம் வைத்த எஞ்சின் கிரேன் கிடைத்தால் அதன் கால்கள் பின் பம்பருக்கு அடியில் போகின்றனவா, திறந்திருக்கும் பின்கதவுக்குக் கீழே அதன் கை நுழைகிறதா என்பதை வெறுமனே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிட வேண்டும். சங்கிலி நீளமாக இருந்தால் எஞ்சின் தாழ்வாகத் தொங்கி டிக்கி விளிம்பைத் தாண்டாது. வளையத்துக்கும் கொக்கிக்கும் இடையில் ஒரு சாண் இருக்கும்படி சங்கிலியைக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வசதியும் இல்லாமல் நான்கு பேர் கம்பு கட்டித் தூக்குவதானால், டிக்கி விளிம்புக்கு நேராக அதே உயரத்தில் ஒரு மேசையையோ அடுக்கிய டயர்களையோ நிறுத்தி, முதலில் அதன்மேல் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு உள்ளே நகர்த்த வேண்டும். ஒரே தம்மில் தரையிலிருந்து காருக்குள் வைக்க முயலும்போதுதான் விரல் நசுங்குகிறது, பம்பர் உடைகிறது.

டயர் எதற்கு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப் பல வண்டிகளில் மெல்லிய தகட்டால் ஆனது. எஞ்சினை அப்படியே பலகைமேல் உட்கார வைத்தால் சம்ப் உள்நோக்கி நசுங்கி, ஆயிலை உறிஞ்சும் வடிகட்டியின் வாயை அடைத்துவிடக்கூடும். வெளியே சிறு பள்ளமாகத் தெரியும் அந்த நசுங்கல், எஞ்சினை மாட்டி ஓட்டும்போது பேரிங்குகளுக்கு ஆயில் போகாமல் செய்து எஞ்சினையே முடித்துவிடும். டயரைப் படுக்கவைத்து அதன்மேல் எஞ்சினை இறக்கினால் சம்ப் நடுத்துளைக்குள் தொங்கும், பிளாக்கின் விளிம்புகள் டயரின் பக்கச்சுவரில் அமரும், எடை முழுவதும் ரப்பருக்குப் போகும். இறக்கியதும் குனிந்து பாருங்கள். சம்ப்புக்கும் பலகைக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் இரண்டாவது டயரையும் அடுக்க வேண்டும், அல்லது பிளாக்கின் ஓரங்களுக்கு மரச்சட்டம் கொடுக்க வேண்டும்.

காரில் எந்த நிலையில் நிற்குமோ அதே நிலையில், நிமிர்ந்தபடி கொண்டுவருவதே சிறந்தது. இடப்பற்றாக்குறையால் சாய்க்க நேர்ந்தால் எக்ஸாஸ்ட் பக்கமாகச் சாய்க்கலாம், இன்டேக் பக்கம் மட்டும் வேண்டாம். எஞ்சினுக்குள் எஞ்சிய ஆயில் இன்டேக் வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கிவிட வாய்ப்பு உண்டு.

டயரோடு சேர்த்து எஞ்சினை ஒரு சிறு பலகைமேல் வைத்து, அந்தப் பலகைக்கு அடியில் ஜி.ஐ. குழாய்த் துண்டுகளை உருளைகளாகப் போட்டால், டிக்கி வாயிலிருந்து முன்னிருக்கைகளின் பின்புறம் வரை ஒருவரே தள்ளிவிடலாம். அங்கே போனதும் குழாய்களை உருவிவிட வேண்டும். ஒரு குழாய்கூட உள்ளே தங்கக் கூடாது.

கட்டுதல்

பெரும்பாலோர் அவசரப்படும் இடம் இது. சரக்கு கட்டுவதற்கான ஐரோப்பிய நெறிமுறை, முன்பக்கமாக எடையில் 80 விழுக்காட்டு விசையையும் பக்கவாட்டிலும் பின்புறமும் 50 விழுக்காட்டு விசையையும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது. 130 கிலோ எஞ்சினுக்கு இது முன்னோக்கி 104 கிலோ. சாலையில் திடீரென்று மாடு குறுக்கே வந்து முழு பிரேக் அடித்தால் ஏற்படும் விசை ஏறக்குறைய இதுதான். நேருக்கு நேர் மோதல் என்றால் கணக்கே வேறு. அப்போது விசை எடையைப் போல 20 மடங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், எஞ்சின் இரண்டரை டன்னுக்கும் மேற்பட்ட விசையோடு ஓட்டுநரின் முதுகை நோக்கி வரும். எந்தப் பெல்ட்டும் அதற்கு முழு உத்தரவாதம் தராது. எஞ்சினை முடிந்தவரை தாழ்வாகவும் முன்னிருக்கைகளை ஒட்டியும் வைப்பதற்குக் காரணம், அது ஓடி வேகம் பிடிக்க இடமே இல்லாமல் செய்வதுதான். முன்னிருக்கைகளின் அடிப்பகுதிக்கும் எஞ்சினுக்கும் இடையில் குறுக்காக ஒரு மரச்சட்டத்தை இறுக்கமாகச் செருகிவிடுங்கள்.

பெல்ட்டை மேலே போட்டுக் கீழ்நோக்கி இறுக்குவது மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எஞ்சின் துள்ளாமல் தடுக்கும், முன்னோக்கி நகர்வதைத் தடுக்காது. எனவே இரண்டு பெல்ட்டுகள் எஞ்சினிலிருந்து பின்னோக்கிப் போய், பின்னிருக்கைச் சீட் பெல்ட்டின் கீழ் போல்ட்டுகளில் பிடிக்க வேண்டும். மெத்தையைக் கழற்றியதால் அந்தப் போல்ட்டுகள் தரையில் வெளிப்படையாகத் தெரியும். காரின் உடலில் மனித உயிரைத் தாங்குவதற்கென்றே வலுவூட்டப்பட்ட இடம் அது. அந்தப் போல்ட்டைக் கழற்றி, தடித்த இரும்பு வளையத் தகடு ஒன்றை இடையில் வைத்துத் திரும்ப முறுக்கினால் பெல்ட்டின் கொக்கி மாட்ட இடம் கிடைக்கும். மற்ற இரண்டு பெல்ட்டுகள் முன்னோக்கிச் சென்று முன்னிருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகள் தரையோடு சேரும் இடத்தில் பிடிக்கட்டும். நான்கும் மேலிருந்து பார்க்கையில் நான்கு மூலைக்கும் விரிந்திருக்க வேண்டும். ஐந்தாவது பெல்ட் இருந்தால் அதை மேலே குறுக்காகப் போட்டுக் கீழ்நோக்கி இறுக்கலாம்.

எஞ்சின் பக்கத்தில் பெல்ட் பிடிக்க வேண்டியவை தூக்கும் வளையங்களும் மவுன்ட் பிராக்கெட்டுகளும்தான். கூர்விளிம்பில் பெல்ட் உரசும் இடத்தில் பழைய டியூப்பைக் கிழித்துச் சுற்றுங்கள். கதவுக் கைப்பிடி, மேல்பிடி, ஹெட்ரெஸ்ட் கம்பி, டிக்கி பூட்டின் கொக்கி ஆகியவற்றில் எதையும் கட்டக் கூடாது. டிக்கியின் ஓரத்தில் இருக்கும் சின்ன வளையங்கள் பெட்டி படுக்கைக்கானவை, எஞ்சினுக்கானவை அல்ல. கட்டி முடித்ததும் எஞ்சினைக் கையால் பிடித்து வேகமாக உலுக்க வேண்டும். கார் முழுவதும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி, எஞ்சின் மட்டும் தனியாக அசைந்தால் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டியதுதான். கழற்றி வைத்த ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் இருக்கும் பெட்டியையும் மறந்துவிட வேண்டாம், அவையும் இரும்புதான்.

ஓட்டுதல்

பின்கதவு முழுமையாகச் சாத்தி இருக்க வேண்டும். அரைகுறையாகத் திறந்து கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஓட்டினால் புகைக்குழாயின் கார்பன் மோனாக்சைடு காருக்குள் இழுபடும். எஞ்சினில் எஞ்சிய டீசலோ பெட்ரோலோ ஆவியாகும் என்பதால் முன் ஜன்னல்களைச் சற்று இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்குள் யாரும் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. எஞ்சினுக்குப் பக்கத்திலோ பின்னாலோ ஆள் உட்காருவது கூடாது. வருபவர்கள் ரயிலிலோ பேருந்திலோ வரட்டும்.

புதுப்பேட்டையிலிருந்து கிண்டி வழியாக ஜி.எஸ்.டி. சாலையைப் பிடிப்பதற்குள்ளேயே போதுமான குலுக்கல் கிடைத்துவிடும். தாம்பரம் தாண்டியதும், பெருங்களத்தூர் அல்லது வண்டலூர் அருகே ஓரமாக நிறுத்தி எல்லாப் பெல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்க வேண்டும். டயரின் ரப்பர் எடையில் அமுங்கிச் சற்று இறங்கியிருக்கும், அதனால் பெல்ட் தளர்வது இயல்பு. பிறகு பரனூர் சுங்கச்சாவடியைக் கடந்ததும் மறுபடி ஒருமுறை பார்த்தால் அதன்பின் பெரும்பாலும் தளராது. 60, 70 கிலோமீட்டர் வேகம் போதும். வேகத்தடைகளைக் கவனித்து முன்பே மெதுவாக்குங்கள். முன்னே போகும் வண்டிக்கும் உங்களுக்கும் வழக்கத்தைப் போல இருமடங்கு இடைவெளி விடுங்கள். பின்பக்கம் தாழ்ந்திருப்பதால் முகப்பு விளக்கு மேல்நோக்கிப் போய் எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும், இரவில் வர நேர்ந்தால் விளக்கின் உயரத்தைச் சரிசெய்யும் சக்கரத்தைத் திருப்பிக் கீழே இறக்கிக்கொள்ளலாம்.

இறக்குதல், அதன் பிறகு

இறக்குவதற்கான ஏற்பாடு புறப்படும் முன்பே முடிந்திருக்க வேண்டும். சென்னையில் காசு கொடுத்தால் ஆள் கிடைப்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு ஊர் வந்து சேரும்போது மெக்கானிக் பட்டறை பூட்டியிருந்தால் எஞ்சினோடு காரைத் தெருவில் நிறுத்திவைப்பதைத் தவிர வழியில்லை. வீட்டு முற்றத்து மாமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். பச்சைக் கிளை எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்றியதற்கு நேர் எதிரான வரிசையில், எஞ்சினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காரை முன்னே நகர்த்தி வெளியே எடுக்க வேண்டும்.

எஞ்சினைப் பொருத்துவதற்கு முன்பு, மெக்கானிக்கிடம் ஒன்றை வற்புறுத்துங்கள். டீசலாக இருந்தால் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளையும், பெட்ரோலாக இருந்தால் ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால், எஞ்சின் சுழலும் திசையிலேயே, முழுமையாக இரண்டு சுற்று திருப்பிப் பார்க்க வேண்டும். வழியில் ஏதேனும் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கியிருந்தால் பிளக் துளை வழியாக வெளியே வந்துவிடும். அதைப் பாராமல் ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்றினால், திரவம் அமுங்காது என்பதால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிறகு கடைக்காரர் கெட்ட எஞ்சினைக் கொடுத்துவிட்டார் என்று சண்டைக்குப் போவதில் பயனில்லை. திருப்பும்போது எங்காவது தடுத்தால் பலம் கொடுக்க வேண்டாம், நிறுத்திக் காரணம் தேடுங்கள். வாய்களில் வைத்த துணிகளை எண்ணிப் பார்த்து, வைத்தது எத்தனையோ அத்தனையும் வெளியே வந்தனவா என்று உறுதி செய்துகொள்வதும் இந்த நேரத்தில்தான்.

எஞ்சின் மாற்றியதை, மாற்றிய 14 நாட்களுக்குள் ஆர்.சி.யோடு சென்று உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியது. அதற்கு எஞ்சின் எண் குறித்த பில், பழைய வண்டியின் ஆவணங்கள், சாக்பீஸ் தேய்த்து எடுத்த அந்தப் படம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். ஆர்.சி.யில் புது எண் ஏறியதும் அதன் நகலை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் அனுப்பி, பாலிசியிலும் எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். கழற்றிய பழைய எஞ்சினைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராமல், பில் போட்டு விற்று அந்த ரசீதையும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.